செட்டிநாட்டு வீட்டு முன்பக்கத்துக்கு வெள்ளைக் கல்லா, கூழாங்கல்லா, ஜல்லியா?

"காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் பழைய வீட்டில் அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும் இருக்கிறார்கள், முன்பக்கம் 600 சதுர அடி இடம், ஒரு பெரிய வேப்பமரம், புல் வெட்ட ஆள் கிடைப்பதில்லை, வெள்ளை மார்பிள் கல், கூழாங்கல், ஜல்லி இதில் எதைப் போட்டால் வேலை குறையும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜல்லிதான். புதுக்கோட்டைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வரும் சாதாரணக் கருங்கல் ஜல்லி, 12 எம்.எம்., அரை இஞ்சு என்று கேட்டால் கொடுப்பார்கள். விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உடைத்த கல்லுக்கு முனை இருக்கிறது, ஒன்றையொன்று கவ்விக்கொண்டு கிடக்கும், மேலே நடந்தாலும் அதிகம் நகராது. கூழாங்கல் காலுக்கடியில் உருளும், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் நடக்கிற இடத்தில் அது வேண்டவே வேண்டாம், தொட்டியைச் சுற்றி அழகுக்கு ஒரு கை போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இன்னும் சின்னதாக இருந்தால் நன்றாயிருக்குமே என்று 6 எம்.எம். சிப்ஸ் பக்கமும் போகாதீர்கள், செருப்பு அடியில் ஒட்டிக்கொண்டு நேராக வீட்டுக்குள் வந்துவிடும், ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் ஒரு கல் இழுபட்டால் விழுகிற கீறல் போகவே போகாது.

வெள்ளை மார்பிள் கல் கடையில் பார்க்கிறபோது அருமையாக இருக்கும், ஆனால் நம் ஊர் செம்மண் பூமி. முதல் மழையில் சுற்றியுள்ள மண் தெறித்து அடிவரிசை முழுக்கக் காவியேறிவிடும், அப்புறம் அதைக் கழுவுகிற வேலை ஒன்று புதிதாகச் சேரும். சித்திரை வெயிலில் அதன் மேல் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணைக் கூசவைக்கும். இன்னொன்று, மார்பிள் என்பது சுண்ணாம்பு வகைக் கல், மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். இட்லிப்பூச் செடி மாதிரிப் புளிப்பு மண் விரும்புகிறவற்றுக்கு இது ஒத்துவராது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளாகும். கருங்கல் ஜல்லியில் இந்தத் தொல்லை இல்லை.

இனி வேப்பமரம். கேள்வியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள், என் கணக்கில் அதுதான் முக்கியமான விஷயம். மரத்தின் நிழல் விழுகிற இடத்தில் எந்தக் கல்லும் போடாதீர்கள். மாசி, பங்குனியில் இலை கொட்டும், அடுத்துப் பூ, அதற்கடுத்து வேப்பம்பழம். கோட்டையூரில் எங்கள் வீட்டு மரத்தடியில் ஓரமாகக் கொஞ்சம் ஜல்லி கிடக்கிறது, அதைக் கையால் கிளறிப் பார்த்தால் மேலே சருகு, கீழே பொடிப்பொடியாய் மக்கிய பூ, அதற்கும் கீழே கொட்டைகள் வெள்ளை வேர் விட்டுக் கல்லுக்கு இடையில் குத்திக்கொண்டு நிற்கின்றன. விளக்குமாறு அந்த இண்டு இடுக்கில் போகாது, ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். மரத்தடியை மண்ணாகவே விட்டு ஆத்தாவை எப்போதும்போலப் பெருக்கவிடுங்கள், அது ஐந்து நிமிட வேலை. கல் போட்டால் களை வராது என்று நினைக்கிறார்கள், அது அடியிலிருந்து வருகிற களையைப் பற்றித்தான் சரி. மேலே விழுகிற சருகும் தூசியும் மக்கி மண்ணானால் கல்லுக்கு மேலேயே முளைக்கும். அதனால் எங்கே போடுவது என்பதை மரம் சொல்லட்டும்.

வாசலில் கோலம் போடுகிற இடத்தையும் விட்டுவிடுங்கள், தினமும் தண்ணீர் தெளிக்கிற இடத்தில் கல் எதற்கு. கேட்டிலிருந்து திண்ணை வரை பலகைக்கல் பதியுங்கள். ஊரில் பழைய வீடுகள் இடிக்கிற இடங்களில் கருங்கல் பலகைகள் கிடைக்கும், மேற்புறம் சொரசொரப்பாக இருப்பதைப் பொறுக்கி வாங்குங்கள். பாலிஷ் போட்ட கடப்பா வேண்டாம், வெயிலில் காலைச் சுடும், மழையில் வழுக்கும். வீட்டில் மிச்சமிருக்கிற ஆத்தங்குடிக் கல்லைத் தோட்டத்தில் பதிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள், பதிக்காதீர்கள், அது வீட்டுக்குள் போடுவதற்கென்று செய்தது, வெயில்பட்டு நிறம் வெளுக்கும், நனைந்தால் வழுக்கும்.

காசு மிச்சமிருந்தால் அதை ஓரத்துக்குச் செலவு செய்யுங்கள். ஓரம் கட்டாத ஜல்லி ஒரே வருஷத்தில் மண்ணோடு கலந்துவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. நம் பக்கம் இதற்குச் செம்புராங்கல்லை, அதாவது லேட்டரைட் என்கிற சிவப்புக் கல்லை, மிஞ்ச எதுவும் இல்லை. வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருக்கும், காற்றும் வெயிலும் பட்டு இறுகிக்கொள்ளும், ஊருணிப் படித்துறைகளில் எத்தனை தலைமுறையாக நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். பாதி மண்ணுக்குள் புதைத்து, ஜல்லி மட்டத்தைவிட அரை இஞ்சாவது உயரமாக நிற்கும்படி வையுங்கள்.

அடியில் என்ன போடுவது? தார்ப்பாயோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டால் மழைத் தண்ணீர் இறங்காமல் தேங்கும். நெய்யாத வகை ஜியோடெக்ஸ்டைல் துணி வாங்குங்கள், தண்ணீர் இறங்கும், ஜல்லி மண்ணுக்குள் அமுங்காது. ஆனால் கோரை இருந்தால் துணியை மட்டும் நம்பாதீர்கள். அதன் முளை ஊசிபோல் கூராக இருக்கும், துணியைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். முதலில் நாலு இஞ்சு வெட்டி, கிழங்கு கிழங்காகப் பொறுக்கி எடுத்து, இரண்டு வாரம் தண்ணீர் விட்டு மறுபடி முளைப்பதையும் தோண்டி எடுத்த பிறகு துணி விரியுங்கள். செடிகள் இருக்கிற இடத்தில் துணி வேண்டாம், தண்டைச் சுற்றி ஒரு அடிக்குக் கல்லும் வேண்டாம், பாத்தியாக விட்டு எருப்போட வழி வையுங்கள். காகிதப்பூ, அடினியம், கற்றாழை, நித்தியகல்யாணி எல்லாம் இந்த வெயிலைத் தாங்கும்.

மரத்தடி, பாதை, கோல வாசல் போக உங்களுக்கு 400 சதுர அடி மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இஞ்சு கனத்துக்கு 67 கன அடி, யூனிட் என்றால் 100 கன அடி, ஆக முக்கால் யூனிட் வாங்கினால் தாராளம். எடை மூன்று டன்னைத் தாண்டும், ஆகவே எங்கே கொட்டுவது என்று முன்கூட்டியே யோசித்துவிடுங்கள். லாரிக்காரரிடம் கிராவல் என்று சொல்லாதீர்கள், நிரப்புகிற செம்மண் சரளையைக் கொட்டிவிட்டுப் போவார், எம்.எம். அளவைச் சொல்லிக் கேளுங்கள். வந்த ஜல்லியில் கிரஷர் தூசி ஒட்டியிருக்கும், அப்படியே பரப்பினால் அந்தத் தூசியே களைக்கு மண்ணாகிவிடும், சல்லடை போட்டுத் தண்ணீர் அடித்துப் பரப்பச் சொல்லுங்கள்.

ஓட்டுக்கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிற இடத்தில் மட்டும் 40 எம்.எம்., ஒன்றரை இஞ்சு ஜல்லி போடுங்கள், சின்ன ஜல்லி அந்த வேகத்தில் சிதறி ஓடும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது தோண்டிய குழி உங்கள் வீட்டிலும் இருந்தால் ஓட்டத்தை அதற்கே திருப்பிவிடலாம்.

தேள், பூரான் பயம் நியாயமானது. பெரிய கற்களைக் குவித்து அலங்காரம் செய்வதை வீட்டுச் சுவர்ப் பக்கம் வைக்காதீர்கள், சுவரிலிருந்து மூன்று அடிக்குக் கல்குவியல், விறகு எதுவும் வேண்டாம். மரச்சீவல் போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கரையான் அதில் ஏறி வீட்டு நிலைக்கதவுக்கு வந்துவிடும்.

ஆடியில் மண்ணைச் சமப்படுத்தி, வாசலைவிட்டு வெளியே சாய்வாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழையில் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அப்பச்சியிடம் போனில் கேளுங்கள், அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டு ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் ஜல்லியைப் பரப்பி முடித்துவிடுங்கள்.