தாடை தெரியணும் டாக்டர்!

போன மாதம் முகப்பரு பற்றி எழுதும்போது, "தாடைச் சதை பற்றி இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். காரைக்குடியில் நான் தோல் வைத்தியம் பார்க்க உட்கார்ந்த காலத்தில் தேமல், படை, சேற்றுப்புண் என்றுதான் வருவார்கள். இப்போது வாரத்துக்கு நாலு பேராவது போனை நீட்டி யாரோ ஒரு நடிகரின் தாடையைக் காட்டுகிறார்கள். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: வைகாசியில் என் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம். எனக்கு 58 வயது. சமீபத்தில் ஒரு கல்யாண வீடியோவில் பார்த்தால் என் தாடையும் கழுத்தும் ஒன்றாகிவிட்டது. சென்னையில் நாத்தனார் மகள் ஊசி போட்டுக் கரைத்துக்கொண்டாள். அவளுக்கு 36. நானும் போடலாமா? ஐந்து மாதம் இருக்கிறது.
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஆச்சி, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். நேராக உட்கார்ந்து தாடைக்குக் கீழே இருக்கும் சதையை இரண்டு விரலால் பிடியுங்கள். பிடித்தபடியே பல்லைக் கடித்துக் கழுத்தை இறுக்குங்கள். சதை விரலிலேயே நின்றால் கொழுப்பு தசைக்கு மேலே, தோலுக்கு அடியில் இருக்கிறது. நழுவிப் போனால் தசைக்கும் கீழே இருக்கிறது. துவைத்துத் துவைத்துத் தளர்ந்த பருத்திச் சேலை முந்தானை மாதிரி வெறும் தோல் மட்டும் கையில் வந்தால், அது கொழுப்புச் சமாசாரமே இல்லை. ஊசி வேலை செய்வது முதல் வகைக்கு மட்டும்.

அந்த ஊசியில் இருப்பது டிஆக்ஸிகோலிக் அமிலம். நம் பித்தநீரில் இருக்கிற சரக்குதான். தாடைக்கீழ்ச் சதைக்கென்று 2015-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதை அனுமதித்தது. ஒரு தடவை போனால் ஒரு குத்து என்று நினைக்க வேண்டாம். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி ஒரு செ.மீ. இடைவெளியில் புள்ளி வைத்து, 50 குத்து வரைகூடப் போகும். குறைந்தது ஒரு மாத இடைவெளி விட்டு, அதிகபட்சம் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் கழுத்து தவளைபோல வீங்கும், வலிக்கும், அப்புறம் சில வாரம் மரத்துக் கிடக்கும். வாயோரத்தை அசைக்கும் நரம்பு தாடை ஓரமாகத்தான் ஓடுகிறது. மருந்து அதில் பட்டால் சிரிப்பு கோணும். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் என்றாலும், அறுபதாம் கல்யாணத்தில் கோணச் சிரிப்பு வேண்டாமே.

36 வயதில் கொழுப்பு கரைந்தால் தோல் ஓரளவு தானே இழுத்துக்கொள்ளும். 58-ல் கரைத்தால் பஞ்சை உருவிய தலையணை உறைதான் மிஞ்சும். அதனால் உங்களுக்கு ஊசி வேண்டாம்.

ஹைஃபு என்று ஒன்று இருக்கிறது. ஒலி அலையால் தோலுக்கு அடியில் சூடு கொடுத்து இறுக்குவது. கீறல் கிடையாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். "என்ன ஆச்சி, கொஞ்சம் இளைச்ச மாதிரி இருக்கு?" என்று யாராவது கேட்டால் அதுதான் முழு வெற்றி. அதற்கு மேல் எதிர்பார்த்துப் பணம் கட்டாதீர்கள்.

தோலுக்கு அடியில் நூல் போட்டுச் சதையைத் தூக்குவது பற்றி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அதைப் புத்தகத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை, என் முகத்திலிருந்தே சொல்கிறேன். மூத்த மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு, பெரிய ஊர் ஒன்றில் போய்ப் போட்டுக்கொண்டேன். "ஒரு வாரத்தில் சரியாகிவிடும்" என்றார்கள். டாக்டராக இருந்தும் நம்பினேன். இடது கன்னத்தில் ஜாக்கெட்டில் தையல் சுருக்கம் விழுவதுபோல ஒரு சுருக்கு. வாயை முழுசாகத் திறக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நானே வெள்ளைப் பணியாரத்தை நாலாகப் பிய்த்துத்தான் தின்றேன். காதோரம் நூல் முனை ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. போட்டோக்காரத் தம்பி மெதுவாக, "அம்மா, வலது பக்கமாவே திரும்புங்க" என்றான். அந்த வகை நூல் ஆறு மாதத்தில் கரைந்துவிடும். கரைந்தது. ஒரு வருடத்துக்குள் தாடையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

உங்கள் வயதில் தாடைக் கோடு நிஜமாகவே திரும்ப வேண்டுமென்றால் அறுவை சிகிச்சைதான். காதைச் சுற்றிக் கீறி, கழுத்துத் தசையை இழுத்துத் தைத்து, மிச்சத் தோலை எடுத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் சர்ஜன் செய்கிற வேலை. வீக்கமும் கருநீலமும் வடிய இரண்டு மூன்று வாரம், தழும்பு மங்கப் பல மாதம். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை எதுவானாலும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

நானாக இருந்தால் வைகாசிக்காக எதுவும் செய்ய மாட்டேன். மண்டபத்தில் எதிரே வைக்கிற விளக்கு முகத்தையும் கழுத்தையும் ஒரே வெள்ளையாக அடித்துவிடும். அந்த வீடியோவில் பாதிக் குற்றம் அதன்மேல்தான். பெரிய வீட்டு வளவில் தூணோரமாக நின்று, வானம் தெரிகிற பக்கம் பார்த்துப் பகலில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் மேலிருந்து சாய்ந்து விழும், தாடைக்கு அடியில் நிழல் தங்கும், கோடு தெரியும். இன்னொன்று: கண்ணாடி முன்னால் தண்ணீர் குடித்துப் பாருங்கள். விழுங்கும்போது கழுத்துப் புடைப்பு மேலே ஏறி இறங்கினால் அது தைராய்டாக இருக்கலாம். அப்படியானால் அழகுக்கு முன்னால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன், வயது 20. ஒரு வருடமாக நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி வைத்துப் பழகுகிறேன். ரப்பர் உருண்டையும் கடிக்கிறேன். தாடை மாறவில்லை. வாயைத் திறந்தால் காதோரம் 'டக்' என்கிறது. ஃபில்லர் போட்டால் வருமா?
– காரைக்குடி

பதில்: தம்பி, அந்த உருண்டையை இன்றைக்கே தூக்கிப் போடு. 'டக்' என்பது தாடை மூட்டு கொடுக்கிற குரல். 20 வயது எலும்பு நாக்கு தள்ளி நகராது. கடித்துக் கடித்துப் பெருப்பது கன்னத்துத் தசைதான். அதனால் முகம் அகலமாகுமே தவிர கூராகாது. மூட்டுவலி நின்றபாடில்லை என்றால் பல் டாக்டரிடம் காட்டு.

நீ பார்க்க வேண்டியது பக்கவாட்டுப் படம். செல்ஃபி வேண்டாம். கையெட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, தாடையின் பின்பகுதி சுருங்கித் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று யாரையாவது எடுக்கச் சொல். கீழுதட்டைவிட மோவாய் நன்றாக உள்ளே போயிருந்தால், கழுத்தில் சதையே இல்லாவிட்டாலும் தாடை இல்லாததுபோலத்தான் தெரியும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமல், தூக்கத்தில் குறட்டையும் இருந்தால், தாடை அறுவை செய்கிற முகத்தாடை சர்ஜனையும் பல் சீரமைப்பு மருத்துவரையும் பார்ப்பதுதான் சரி. மோவாய் மட்டும் சின்னது என்றால் அந்த எலும்பை வெட்டி முன்னால் நகர்த்துவது, சிலிக்கோன் துண்டு வைப்பது என்று வழி இருக்கிறது.

ஃபில்லர் என்பது ஊசியால் தோலுக்கு அடியில் நிரப்புகிற ஹயலூரானிக் அமில ஜெல். ஏறக்குறைய ஒரு வருடம் நிற்கும். அப்புறம் மறுபடி பணம். தாடை ஓரத்துக்கென்றே 2022-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய ஜெல்லுக்குக்கூட 21 வயது தாண்டியிருக்க வேண்டும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு, தாடையின் கீழ் ஓரத்தில், புடைத்த தசைக்குச் சற்று முன்னால் விரல் வை. நாடி துடிக்கிறதா? முகத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனி அது. ஜெல் அதற்குள் போனால் ரத்தம் அடைத்துத் தோல் கருகும். உடனே கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற மருந்து கைவசம் இருக்க வேண்டும். பியூட்டி பார்லரில், "தள்ளுபடி அண்ணே" என்கிறவரிடம் அது இருக்காது. படிப்பை முடி. அதற்கப்புறமும் வேண்டுமென்று தோன்றினால் அப்போது பேசுவோம்.

கேள்வி: 31 வயது. ஒல்லியாக இருந்தும் முகத்தின் கீழ்ப்பகுதி சதுரமாக இருக்கிறது. காலையில் எழுந்தால் தாடை வலி. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்கிறார் கணவர்.
– கானாடுகாத்தான்

பதில்: கணவர் பாதி வைத்தியம் பார்த்துவிட்டார். ராத்திரி முழுக்க வேலை செய்து உங்கள் மெல்லும் தசை பெருத்திருக்கிறது. முதலில் பல் டாக்டரிடம் இரவில் மாட்டிக்கொள்ளும் பல் உறை வாங்குங்கள். அதற்கு மேலும் முகம் மெலிய வேண்டுமென்றால் போடாக்ஸ் ஊசி உண்டு. தசை சோர்ந்து, நாலு முதல் ஆறு வாரத்தில் ஒடுங்கும். நாலைந்து மாதம் தாங்கும். முறுக்கு, சீடை கடிக்கக் கொஞ்ச நாள் தெம்பிருக்காது. கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ இப்போது வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பெருத்திருந்தால் அது தசையாக இல்லாமல் எச்சில் சுரப்பியாகவும் இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

கேள்வி: தாடி வளர்த்தால் தாடை எடுப்பாகத் தெரியுமா?
– பள்ளத்தூர்

பதில்: தாடை தெரியாது, தாடிதான் தெரியும். கழுத்துப் பக்கம் சரியான இடத்தில் கோடு போட்டு மழித்தால் பாதிப் பேர் ஏமாந்துவிடுவார்கள். இந்தப் பக்கத்தில் உள்ளதிலேயே செலவு குறைந்த வைத்தியம் இதுதான்.

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. எலும்பும் தோலுமாக இருக்கிறாள் என்று தெரிந்தவர் உடம்பு தேற மாத்திரை கொடுத்தார். மூன்று மாதத்தில் முகம் மட்டும் பந்து மாதிரி ஆகி, தாடையே காணோம். கை கால் அப்படியே குச்சியாக இருக்கிறது. முகத்தைக் குறைக்க என்ன பூசலாம்?
– புதுவயல்

பதில்: எதுவும் பூசாதீர்கள் அம்மா. கை கால் குச்சி, முகம் மட்டும் நிலா என்றாலே எனக்கு அந்த மாத்திரை மேல்தான் சந்தேகம். 'குண்டாகிற மாத்திரை' என்று கைமாறுகிறவற்றில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் இருப்பதுண்டு. கன்னத்தில் பூனைமுடி கூடியிருக்கிறதா, வயிற்றிலும் தொடையிலும் ஊதா நிறக் கோடு விழுந்திருக்கிறதா, மாதவிலக்கு தள்ளிப்போகிறதா என்று பாருங்கள். சர்க்கரையும் பிரஷரும்கூட ஏறியிருக்கலாம்.

பயந்துபோய் இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். திடீரென்று விட்டால் மயக்கம், வாந்தி, பிரஷர் இறக்கம் என்று ஆபத்தாகிவிடும். படிப்படியாகக் குறைக்க ஒரு பொது மருத்துவர் வேண்டும். வாந்தியோ தலைசுற்றலோ ஏற்கனவே இருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சரியாகக் குறைத்தால் சில மாதத்தில் முகம் வடியும், தாடையும் திரும்ப வரும். போகும்போது மிச்ச மாத்திரையை அட்டையோடு எடுத்துப் போங்கள். அட்டை இல்லாமல் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தோடு.