ஒரு டாலரும் எட்டு நிமிடமும்

ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். பணியிட ஊக்கம், தலைமை பற்றி முனைவர் பட்டம் முடித்து ஆசிரியப் பணிக்குப் போக ஆசை. ‘தொழிலாளியிடம் கூடுதலாக வேலை வாங்கச் சொல்லித்தரும் படிப்புதானே’ என்கிறார் மாமா. உங்கள் கருத்து?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மாமா சொல்வதில் பாதி உண்மை. ஆனால் நிர்வாகங்களுக்கு ருசிக்காத விடையோடு வந்தவர்களும் இத்துறையில் உண்டு. உளவியலாளர் எட்வர்ட் டெசி அப்படிப்பட்டவர்.

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வின்போது, சோமா என்ற ஏழு துண்டுப் புதிர்க்கட்டைகளை மாணவர்களிடம் கொடுத்து, படத்தில் உள்ள உருவங்களை அமைக்கச் சொன்னார். மூன்று அமர்வுகள். இரண்டாவதில் மட்டும் ஒரு பிரிவினருக்கு உருவத்துக்கு ஒரு டாலர். சூட்சுமம் இடைவேளையில் இருந்தது. ஏதோ சாக்குச் சொல்லி அவர் எட்டு நிமிடம் வெளியே போவார். மேசையில் பத்திரிகைகள் கிடக்கும். கை கட்டைக்குப் போகிறதா, பத்திரிகைக்கா? ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று கணக்கெடுத்தார். காசு வாங்கியவர்கள், அது நின்ற மூன்றாவது அமர்வில் முன்பைவிடக் குறைந்த நேரமே கட்டையைத் தொட்டார்கள்.

கட்டுரை 1971-ல் வந்தது. 1994-ல் கேமரன், பியர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளைத் தொகுத்து, பரிசால் பெரிய கெடுதல் இல்லை என்றனர். 1999-ல் டெசி தம் சகாக்களுடன் 128 ஆய்வுகளை அலசி அதை மறுத்தார். ஒரே கேள்வியோடு இத்தனை வருடம் மல்லுக்கட்ட முடியுமா என்று முதலில் யோசியுங்கள்.

தலைமை பற்றியும் அவர் குழு ஆராய்ந்தது. ஒரு பெரிய நிறுவனத்தின் மேலாளர்களுக்கு, ஊழியர்களின் பேச்சுக்குக் காதுகொடுக்கவும் அவர்களையே முடிவெடுக்க விடவும் பயிற்சி தந்தார்கள். மேலாளர்கள் மாறினார்கள், ஊழியர்களிடம் விளைவு அவ்வளவு தெளிவாக இல்லை. 1989-ல் வெளியான கட்டுரையில் அதை மறைக்கவில்லை. எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடியது இங்கேதான்.

நம் ஊரிலோ, நிர்வாகத்தின் வழியாகவே வினாத்தாள் கொடுத்து, அதன் வழியாகவே திரும்பப் பெற்று, ‘ஊழியர்கள் திருப்தியாக இருக்கிறார்கள்’ என்று முடிகிற ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. ஃபோர்மேன் பக்கத்தில் நிற்கும்போது எந்த ஆபரேட்டர் ‘திருப்தி இல்லை’ என்று டிக் அடிப்பார்? அந்த வரிசையில் இன்னொன்று சேர்ப்பதற்கு வேலையை விட வேண்டாம்.

பகுதிநேரமாகப் பதிவு செய்ய முடியுமா என்று விசாரியுங்கள். உங்கள் தொழிற்சாலையில் எப்போதாவது ஊக்கத்தொகை நின்றிருந்தால், அடுத்த மாதம் லைனில் என்ன நடந்தது என்று தொழிலாளர்களிடம் டீக்கடையில் வைத்துக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.