அடுத்தவர் பேசும்போது

கேள்வி: தேர்தல் நேரத்துத் தொலைக்காட்சி விவாதம் முடிந்ததும், யார் என்ன சொன்னார் என்பதை விட்டுவிட்டு யார் வியர்த்தார், யார் முறைத்தார், யார் பெருமூச்சு விட்டார் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். நாட்டை ஆளப்போகிறவரை உடல்மொழியை வைத்து எடைபோடுவது அசட்டுத்தனம் இல்லையா?

பதில்: வியர்வையைப் பொறுத்தவரை அசட்டுத்தனம்தான். பெருமூச்சைப் பொறுத்தவரை இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறோமே, கோளாறு அங்கேதான் இருக்கிறது.

1960 செப்டம்பர் 26, சிகாகோ. அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் முதல் தொலைக்காட்சி விவாதம். நிக்சன் முழங்கால் புண் புரையோடி, மருத்துவமனையில் கிடந்து எழுந்து வந்திருந்தார். உடம்பு இளைத்துச் சட்டைக் கழுத்து தொளதொளவென்று இருந்தது. சாம்பல் நிறக் கோட்டு பின்சுவரோடு கலந்துபோனது. விளக்குச் சூட்டில் மோவாய் வியர்க்க, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். எதிரே கருநிறக் கோட்டில் கென்னடி, பளிச்சென்று. அறுபது வருடங்களுக்கு மேலாகியும் அந்த வியர்வையைப் பற்றிப் பேசுகிறார்கள். உள்நாட்டுப் பிரச்சினைகள் பற்றி இருவரும் அன்று என்ன சொன்னார்கள் என்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நோயில் கிடந்து எழுந்தவர் வியர்ப்பதில் அவருடைய குணம் எதுவும் தெரிவதில்லை. இதில் உங்கள் கோபம் என் கோபமும்தான்.

கேமரா முன்னால் உடம்பு இயல்பாக இருப்பதும் இல்லை. 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் அதிபர் ஃபோர்டும் அவரை எதிர்த்த கார்ட்டரும் மோதிய விவாதத்தில் திடீரென்று ஒலி நின்றுபோனது. சரிசெய்ய 27 நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் இருவரும் நட்டுவைத்த மாதிரி நின்றார்கள். நாலடி நடந்து போய்க் கை குலுக்கக்கூட இல்லை. உட்கார்ந்தால் சமாளிக்க முடியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம்தான் காரணம் என்று ஃபோர்டு பின்னாளில் சொன்னார்.

ஆனால் அடுத்தவர் பேசும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்பது வேறு சங்கதி. அது நடத்தை. அதை நான் எடைபோடாமல் விடமாட்டேன்.

1992 அக்டோபர் 15, ரிச்மண்ட். பொதுமக்களே எழுந்து கேள்வி கேட்ட விவாதம். ஒரு பெண் கேட்டார்: நாட்டின் கடன் உங்கள் ஒவ்வொருவருடைய சொந்த வாழ்க்கையை எப்படிப் பாதித்திருக்கிறது? உங்களைப் பாதிக்கவே இல்லையென்றால், எங்கள் கஷ்டத்துக்கு உங்களால் எப்படி வழி காட்ட முடியும்? அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதிபர் புஷ் கையை லேசாகத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். தன் முறை வந்ததும் வட்டி விகிதத்தில் ஆரம்பித்துத் தடுமாறி, கேள்வி சரியாகப் புரியவில்லை என்றார். கிளின்டன் எழுந்து அந்தப் பெண்ணை நோக்கி நடந்தார். உங்களை அது எப்படிப் பாதித்தது, மறுபடி சொல்லுங்கள் என்றார். வேலையும் வீடும் இழந்தவர்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள், இல்லையா என்று அவரிடமே கேட்டார். அந்த நடையை ஒத்திகை பார்த்திருப்பார் என்பீர்கள். பார்த்திருக்கட்டும். தன் கேள்வி எதிரில் இருப்பவர் காதில் விழுந்தது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததே, அது பெரிய விஷயம்.

2000இல் பாஸ்டனில் நடந்த விவாதத்தில் அல் கோர் விட்ட பெருமூச்சும் இந்தக் கணக்கில்தான் சேரும். விவரங்களில் அவர் கெட்டிக்காரர். ஆனால் எதிர் வேட்பாளர், முன்பு சொன்ன அதிபரின் மகன் புஷ், வாய் திறக்கும்போதெல்லாம் மைக்கில் கேட்கும்படி மூச்சை இழுத்துவிட்டார். எதிரில் நிற்பவர் கேட்கத் தகுதியில்லாதவர் என்று சொல்லாமல் சொன்ன மாதிரி இருந்தது. மூன்றாவது விவாதத்தில் புஷ் பேசிக்கொண்டிருக்கும்போது அவரை உரசுகிற மாதிரிப் பக்கத்தில் போய் நின்றார். புஷ் திரும்பிப் பார்த்து, லேசாகத் தலையசைத்துவிட்டு, பேச்சைத் தொடர்ந்தார். அரங்கம் சிரித்துவிட்டது.

அப்புறம் 2020. கிளீவ்லாண்டில் டிரம்ப் ஓயாமல் குறுக்கே விழுந்ததில், பைடன் அவரை வாயை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. அடுத்த விவாதத்தில் ஒவ்வொரு தலைப்பிலும் ஒருவர் பேசத் தொடங்கும் இரண்டு நிமிடங்களுக்கு மற்றவரின் மைக்கை அணைத்து வைத்தார்கள். ஒரு நாட்டின் தலைமைக்குப் போட்டியிடுகிற இருவரை இரண்டு நிமிடம் கேட்கவைக்க ஒரு ஸ்விட்ச் தேவைப்பட்டதே என்று எனக்கு வேதனையாக இருந்தது.

2024 ஜூனில் நடந்த விவாதத்தில் பைடனின் வெளிறிய முகம்தான் அவரைக் கவிழ்த்தது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆரம்பித்த வாக்கியங்கள் பாதியில் இழை அறுந்து போயின. ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்து விலகினார். முகத்தை மறந்துவிட்டுப் பேச்சை மட்டும் கேட்டிருந்தாலும் அந்தத் தடுமாற்றம் தெரிந்திருக்கும்.

சரி, அடுத்த விவாதத்தில் திரை இரண்டாகப் பிரியும்போது பேசாமல் நிற்பவர் பக்கம் கண்ணை வையுங்கள். குறிப்பு எடுக்கிறாரா, சிரித்து மழுப்புகிறாரா, கேட்கிறாரா? அவர் முறை வந்ததும், இப்போது கேட்டதற்குப் பதில் சொல்கிறாரா, மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பிக்கிறாரா என்று கவனியுங்கள். யார் என்ன சொன்னார் என்பதைப் பற்றிக் கவலைப்பட்டீர்களே, அதைத் துருவிப் பார்க்கவும் அந்த இடம்தான் வசதியானது.