கேள்வி–பதில்: பயணச் செஸ் செட்டுகள்

கேள்வி: லண்டன் சந்தை ஒன்றில் ‘விக்டோரியா காலத்து ஜேக்ஸ் பயணச் செட்’ என்று ஒரு மடக்குப் பெட்டியைக் காட்டுகிறார்கள். கீல்களில் பிளஸ் குறித் திருகாணிகள் உள்ளன. வாங்கலாமா?

பதில்: அந்த வகைத் திருகாணி 1930களில்தான் விற்பனைக்கு வந்தது; விக்டோரியா அரசி 1901இல் காலமானார். கீல் மட்டும் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் பெட்டியே போலி என்று முடிவு செய்துவிட முடியாது. ஆனால் பழுது பார்க்காத பெட்டிக்குரிய விலையை இதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. லண்டன் விளையாட்டுப் பொருள் நிறுவனமான ஜேக்ஸின் ‘இன் ஸ்டேட்டு குவோ’ பலகையில், நெம்புகோலை நகர்த்தியதும் துளைகளில் நிற்கும் காய்களின் முளைகள் பூட்டிக்கொள்ளும். பாதி ஆட்டத்தைக் காய்களோடு அப்படியே மடக்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். உங்களுக்குக் காட்டுவது அந்தப் பலகைதான் என்றால், காய்களைப் பூட்டிப் பலகையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

கேள்வி: சோவியத் பயணச் செட் ஒன்றுக்கு முழுப் பணத்தையும் அனுப்பினேன். வந்ததில் கறுப்புச் சிப்பாய் ஒன்று குறைகிறது. விளம்பரத்தில் மூடிய பெட்டியின் படம் மட்டுமே இருந்தது.

பதில்: 32 காய்களையும் வரிசையாக நிறுத்தி எடுத்த படத்தைக் கேட்டிருக்க வேண்டும். இதை இந்தப் பகுதியில் பலமுறை எழுதிவிட்டேன்.

கேள்வி: 1965இல் செய்தது என்று சொல்லப்படும் காந்தச் செட்டின் காய்களுக்கு அடியில், வெள்ளிபோல் மின்னும் சிறு வில்லைகள் இருக்கின்றன. இது சரியா?

பதில்: சரியல்ல. அவை நியோடிமியம் என்ற மிக வலிய காந்தங்களாக இருக்க வேண்டும். அவை 1980களில் வந்தவை. இதை அறியாத நாளில் நானும் அப்படி ஒரு செட்டை வாங்கினேன். பழைய மங்கிய காந்தங்களைப் பெயர்த்துவிட்டுப் புதியவற்றை ஒட்டியிருந்தார்கள். சிறிய கட்டங்களில் அடுத்தடுத்து நிற்கும் காய்கள் ஒன்றையொன்று இழுத்துச் சாய்ந்துவிடுவதால், அதில் ஓர் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. கொடுத்த பணமும் திரும்பவில்லை.

கேள்வி: ஓய்வுபெற்ற என் தந்தைக்குப் பரிசளிக்க, சம்பளத்தில் மிச்சம் பிடித்து ‘19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய முளைச் செட்’ ஒன்றை வாங்கினேன். அதே செட் அமிர்தசரஸ் பட்டறை ஒன்றின் விற்பனைப் பட்டியலில், பத்தில் ஒரு பங்கு விலைக்கு இருக்கிறது.

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. விற்றவர் எழுதிய வருணனையையும் பட்டறையின் பட்டியலையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரும்படி இன்றே எழுத்து மூலம் கேளுங்கள். தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுங்கள்.

இந்த ஏமாற்று வேலை என்னை நெடுநாளாக வருத்துகிறது. அமிர்தசரஸில் பழைய ஆங்கிலச் செட்டுகளின் நகல்களைக் கடைந்து, அவை நகல்கள் என்று சொல்லியே நியாயமான விலைக்கு விற்கும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு குதிரையின் தலையைச் செதுக்குவதற்கு அவர்களுக்கு வேண்டிய பயிற்சி கொஞ்சநஞ்சமல்ல. இடையில் வரும் வியாபாரி அதற்குத் தேநீர்ச் சாயம் பூசி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, ‘பழமை’ என்ற சொல்லை ஒட்டும்போது, வாங்குபவரின் பணத்தையும் செதுக்கியவரின் பெயரையும் ஒருசேரத் திருடுகிறார். பூசிய பழமையைக் கண்டுபிடிக்க முளைகளையும் துளைகளையும் பாருங்கள். ஆட்டம் பெரும்பாலும் பலகையின் நடுவில் நடப்பதால், உண்மையிலேயே ஆடப்பட்ட பலகையில் நடுக்கட்டங்களின் துளைகள் மூலைத் துளைகளைவிடத் தளர்ந்திருக்கும். அறுபத்து நான்கும் ஒரே இறுக்கத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். கறுப்புக் குதிரையின் சாயம் விரல் படும் காதிலும் பிடரியிலும் தேய்ந்திருக்க வேண்டும். விரல் எட்டாத கழுத்து மடிப்பிலும் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

கேள்வி: வெள்ளைக் காய்கள் தந்தமா என்று அறிய, சூடான ஊசியால் குத்திப் பார்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அவை செல்லுலாய்டாக இருந்தால் தீப்பற்றும். செல்லுலாய்டை விரலால் அழுத்தித் தேய்த்தால் கற்பூர வாசனை வரும். எலும்பில் பூதக்கண்ணாடி வழியே கருநிறப் புள்ளிகளும் சிறு கோடுகளும் தெரியும். யானைத் தந்தத்தின் குறுக்கு வெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். தந்தம் என்று தெரிந்தால் வாங்க வேண்டாம். இந்தியாவில் அதன் வணிகம் சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது. பிரிட்டனிலும் 2022 முதல் மிகச் சில விலக்குகளே உள்ளன.

கேள்வி: சோயுஸ் 9 விண்கலத்தில் பறந்த செட் என்று சொல்லி ஒருவர் விற்கிறார். படத்தை இணைத்துள்ளேன்.

பதில்: 1970 ஜூன் 9 அன்று அந்தக் கலத்திலிருந்து சோவியத் விண்வெளி வீரர்கள் நிக்கோலயெவும் செவஸ்தியானவும் தரையிலிருந்தவர்களோடு ஆடிய பலகையில், காய்கள் பள்ளக் கோடுகளில் பொருந்தி நகர்ந்தன. கருவிகளைப் பாதிக்கக் கூடாது என்பதால் அதில் காந்தமே வைக்கப்படவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் காய்களின் அடியில் காந்தம் தெளிவாகத் தெரிகிறது.