ஓப்பன்ஜிஎல்லா, வல்கனா: எதில் தொடங்குவது?

சி பிளஸ் பிளஸ் நிரல்மொழி ஓரளவு தெரியும், கணினி மென்பொருளில் முப்பரிமாணக் காட்சி வரைய எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே கிராபிக்ஸ் சிப்பிடம் காட்சியை வரையச் சொல்லும் நிரல் இடைமுகங்கள். தொடங்க ஓப்பன்ஜிஎல் 3.3 போதும். 2016இல் வந்த வல்கன் வலிமையானதுதான். ஆனால் ஒரு முக்கோணம் வரையவே பல நூறு வரிகள் கேட்கும், ஆர்வம் வடிந்துவிடும்.

சிங்கப்பூரின் ஜூரோங் வட்டார நூலகத்தில் ஒரு மாலை முழுவதும் எனக்குக் கறுப்புத் திரைதான் கிடைத்தது. ஷேடரில், அதாவது கிராபிக்ஸ் சிப்பில் ஓடும் சிறு நிரலில், ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தது. முதன்மை நிரலோ முனகாமல் ஓடியது. காரணம், ஓப்பன்ஜிஎல் ஷேடரை முதன்மை நிரல் ஓடும்போது, சிப்பை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர்தான் தொகுக்கிறது (கம்பைல் செய்கிறது). பிழைப் பதிவை நாமே கேட்டு வாங்க வேண்டும். அந்தச் சில வரிகளை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

முக்கோணம், கனசதுரம், ஆழச் சோதனை (முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கச் செய்வது) என்று போங்கள். பிறகு தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் ஒளிரும் அலங்கார வளைவு ஒன்றை வரைந்து பாருங்கள். ஒளியும் நிறக்கலப்பும் அதிலேயே கைவந்துவிடும்.