கீச்சுக்குரலா பாட்டி?

அன்புள்ள ஐயா,

பழைய இசைத்தட்டுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஆபரா பாடகி அடெலினா பாட்டியின் 1905ஆம் வருடப் பதிவுகளைத் தேடிக் கேட்டேன். இரைச்சலுக்கு அடியில் எங்கோ ஒரு கீச்சுக்குரல். இவரையா இத்தாலிய ஆபரா மேதை வெர்டி கொண்டாடினார்? அல்லது எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தமிழில் எழுதினால் பெயரே பாட்டி. பதிவு நடந்தபோது வயதும் 62. 1859இல், பதினாறு வயதில், நியூயார்க்கில், டோனிசெட்டியின் ஆபராவில் நாயகி லூசியாவாக மேடையேறியவர். அந்தக் குரல் நமக்குக் கிடைக்கவே இல்லை.

கிடைத்ததிலும் பாதியைப் பதிவு இயந்திரத்தின் புனல் (கொம்பு போன்ற குழாய்) விழுங்கிவிட்டது. அப்போது மைக் ஏது? புனலுக்குள் பாடுவார்கள், அந்த அதிர்விலேயே ஊசி மெழுகைக் கீறும். இரண்டாயிரம் சொச்சம் ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் அதிகம் பதியாது. சோப்ரானோ என்னும் உச்சப் பெண்குரலின் மேல் 'சி' சுரமே 1,046 ஹெர்ட்ஸ். குரலுக்கு மினுக்குத் தரும் மேல்சுரங்கள் அதற்கும் மேலே. இத்தாலியப் பாடகர் கரூசோ போன்றோரின் ஆண்குரல்கள் சுருதி தாழ்ந்தவை, அதனால்தான் ஓரளவு தப்பித்தன.

பாட்டி பதிவுக்கூடத்துக்கெல்லாம் வரமாட்டார். வேல்ஸில் இருந்த அவருடைய கோட்டைக்கே இயந்திரத்தைக் கொண்டுபோனார் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க். 1902இல் கல்கத்தாவில் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானைப் பதிவுசெய்தாரே, அவரேதான். உச்சத்தில் ஊசி துள்ளாமலிருக்கப் பாடுபவரைப் புனலிலிருந்து பின்னால் இழுக்க வேண்டும். பாட்டிக்கு வந்ததே கோபம்! அப்புறம் தன் குரலைக் கேட்டதும் குழந்தைபோல மகிழ்ந்துபோய் மன்னித்துவிட்டாராம். 'நான் ஏன் பாட்டி என்று இப்போதுதான் புரிகிறது' என்று சொல்லிப் புனலுக்கு முத்தம் கொடுத்ததாகப் பியானோ வாசித்த லேண்டன் ரொனால்ட் எழுதியிருக்கிறார். தன்னடக்கம் அவருக்குப் பழக்கமில்லை.

1906இல் அவர் பாடிய, பெல்லினியின் 'லா சொன்னாம்புலா' ஆபராவின் பாடலைக் கேளுங்கள். குரலின் அழகைத் தேடாமல் காலப்பிரமாணத்தைக் கவனியுங்கள். ஒரு சொல்லில் நின்றுவிடுகிறார், பியானோ காத்திருக்கிறது, அடுத்த சொல்லில் சட்டென்று ஓடிப்போய்ச் சேர்ந்துகொள்கிறார். மூச்சு குறுகிவிட்டது, நிஜம்தான். ஆனால் இப்படி இழுத்தும் விட்டும் பாடுவது வெர்டி காலத்துப் பழக்கம். இன்றைய பாடகிகளில் யாராவது இவ்வளவு துணிந்தால் இசைக்குழு நடத்துநர் கோலைக் கீழே வைத்துவிடுவார்.

இன்னொன்று. அந்தக் காலத் தட்டுகள் எல்லாமே நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல, பல அதற்கும் மெதுவானவை. வேகமாக ஓட்டினால் சுருதி ஏறி யாருடைய குரலும் கீச்சிடும். நீங்கள் கேட்ட பிரதியைக் கொஞ்சம் வேகம் குறைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.