பகுதிநேர ஆசிரியர் வேலை: எத்தனை பீரியட், எத்தனை நாள்?

கேள்வி: எம்.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்திருக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் காலை 10 முதல் மதியம் 3 வரை நேரம் இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் பகுதிநேரமாகப் பாடம் எடுக்க வேலை கிடைக்குமா? கூடவே டியூஷனும் எடுக்கலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: கிடைக்கும். ஆனால் விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். தனியார் பள்ளிகளில் டைம்டேபிள் போடும்போது 10, 12 பீரியட் ஆளில்லாமல் மிஞ்சும். அதற்காக யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. கேட்டு வருபவருக்குத்தான் கொடுப்பார்கள். ஏப்ரல் கடைசியிலேயே பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடிப் பள்ளிகளுக்கு நேரில் போங்கள். அதைத் தவறவிட்டால் அரையாண்டுத் தேர்வு முடிந்த ஜனவரியில் போகலாம். பத்து, பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதலுக்கு ஆள் தேவைப்படும். அரசுப் பள்ளிகளில் 2012-இல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்றவற்றுக்கு. கணிதத்துக்கு அந்த வழியை நம்ப வேண்டாம்.

மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். திறமையைக் காட்டக் கடினமான கணக்கை எடுத்துச் சறுக்குபவர்கள் அதிகம். காரணிப்படுத்தலில் ஒரே ஒரு கணக்கு போதும். பெருக்கினால் -6, கூட்டினால் -5 வர வேண்டிய இடத்தில் பிள்ளைகள் -2, -3 என்று எழுதுவார்கள். கூட்டல் சரியாக வரும், பெருக்கினால் +6 ஆகிவிடும். அதை அவர்களே கண்டுபிடிக்கும்படி விட்டு, -6, +1-க்குக் கொண்டுவாருங்கள். தலைமையாசிரியர் பார்ப்பது இதைத்தான்.

சம்பளத்துக்கு முன்னால் நாட்களைப் பேசுங்கள். வாரம் 12 பீரியட், தலா 40 நிமிடம் என்றால் 8 மணி நேரம். போக வர ஒன்றரை மணி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 6 நாளாகப் பிரித்தால் பஸ்ஸிலேயே 9 மணி நேரம் போகும். 3 நாளில் அடக்கினால் நாலரை. 40 விடைத்தாளுக்கு, ஒன்றுக்கு 5 நிமிடம் என்றாலும் 3 மணி 20 நிமிடம். திருத்தும் நேரத்துக்குப் பணம் உண்டா, லீவு போட்டவர் வகுப்பைப் பார்த்தால் கணக்கில் வருமா, மே மாதச் சம்பளம் உண்டா, மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழ்களில் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். வைத்துக்கொண்டால், வேலையை விடும்போது திரும்ப வாங்குவது பெரும்பாடு.

6 முதல் 8-ஆம் வகுப்பு வரை எடுக்கச் சொன்னால் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தாள் 2 தேவை. 150 மதிப்பெண்ணில் பொதுப்பிரிவுக்கு 90. ஒருமுறை தேறினால் ஆயுளுக்கும் செல்லும்.

டியூஷன் விஷயத்தில் கவனம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி எடுப்பதைத் தடுக்கிறது. எனவே பள்ளியா, டியூஷனா என்று ஒன்றை முடிவு செய்யுங்கள். டியூஷன்தான் என்றால் வீட்டு முகப்பில் ஒரே வகுப்புப் பிள்ளைகள் 8 பேரோடு தொடங்குங்கள். ஏழாவதையும் பத்தாவதையும் ஒன்றாக உட்கார வைத்தால் இரண்டுமே கெடும்.